புளித்தூசி

மாசி பிறந்ததிலிருந்து பங்குனி முடிகிறவரை அந்த வீட்டில் இருமல் இல்லாத ஆள் கிடையாது. வெள்ளிமலையில் ஏற்றுகிற புளி கள்ளக்குறிச்சிக்கு வந்து முதலில் அவர்கள் முற்றத்தில்தான் இறங்கும். ஓட்டோடு வரும். தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்து, தடியால் அடித்து ஓட்டை நொறுக்கி, முறத்தில் புடைத்து, நாரை உரித்து, அப்புறம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். ஓடு நொறுங்கும்போது கிளம்புகிற தூசி காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். சோற்றில் கிடக்கும், தலையணையில் கிடக்கும், தொழுகைப் பாயை உதறினால் அதிலிருந்தும் பறக்கும். அதனால் இருமலை அந்த வீட்டில் யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலைப் போல அதுவும் வந்துவிட்டுப் போகும் என்று இருந்தார்கள்.

சபா மட்டும் இந்த வருஷம் எண்ணிக்கொண்டிருந்தாள். இருமலை அல்ல, மூச்சை. தூளியில் தூங்கும் மகளின் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, செல்போனில் ஒரு நிமிஷத்தை ஓடவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவாள். ஐம்பத்தாறு வரும். தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினால் ஐம்பத்தொன்பது வரும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும்.

குழந்தைக்குப் பதினாலு மாதம். ஜன்னதுல் பிர்தௌஸ் என்று பெயர். பெயர் இருக்கிற நீளத்துக்கு ஆள் இல்லையே என்று புளி தட்ட வருகிற அம்சவள்ளி கேலி செய்வாள். கேலி என்றுதான் சபா சிரித்துக்கொண்டிருந்தாள், அங்கன்வாடியில் ஜெயசுதா டீச்சர் எடை போட்டு, பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்து, "தையிலயும் இதே ஏழரை கிலோ, இப்பவும் இதே ஏழரையா?" என்று கேட்கிற வரைக்கும்.

"இன்னாடி, திரும்பியும் எண்ண ஆரம்பிச்சிட்டியா?"

முற்றத்திலிருந்து மாமியார் காசிம் பீவியின் குரல். நோன்பு வைத்துக்கொண்டு, வெயிலில், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு புளி தட்டுகிற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியின் குரல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அறுவதுகிட்ட வருது மாமி."

"எம்மூச்ச எண்ணிப் பாரு, நூறு வரும். தூசிடி அது. உம்புருசனும் அந்த வயசுல இப்பிடித்தான் கெடந்து இருமினான். புளி முடிஞ்சா நின்னுடும். நோம்பும் இல்ல, வேலையும் இல்லன்னா மனசு இப்பிடித்தான் எதனா எண்ணிக்கினு இருக்கும்."

பால் கொடுக்கிறவளுக்கு நோன்பு கட்டாயமில்லை என்பது காசிம் பீவிக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளைக்கு நாலு முறை அதைத் தொட்டுப் போவாள். சபாவுக்கு மாமியார்மேல் வந்த எரிச்சலைவிட, அந்தத் தூசி என்ற வார்த்தைமேல் எரிச்சல் அதிகமாக வந்தது. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். குழந்தை பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினால் தூசி. ராத்திரியெல்லாம் சிணுங்கினால் தூசி. கடைத்தெரு டாக்டரும் தூசி என்றுதான் எழுதினார். மூக்கில் மருந்துப்புகை வைக்கிற மெசினைக் கொடுத்தார்.

ஆனால் அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. நெஞ்சின் நடுவே ஓடுகிற தையல் தழும்பைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "மெட்ராஸ்ல செக்கப் போறீங்கல்ல? இன்னா சொல்றாங்க?" சபா யோசிக்காமல் சொன்னாள்: "போறோம் சார். எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க."

அது பொய். செக்கப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பிறந்த ஐம்பதாம் நாள் பிர்தௌசுக்கு இதயத்தில் ஆபரேசன் நடந்தது. நுரையீரலிலிருந்து நல்ல ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருகிற நாலு குழாயும் அவளுக்கு இடம் மாறிப் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றைப் பிரித்து, சேரவேண்டிய இடத்தில் சேர்த்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குப் பெரிய டாக்டர் ஒரு தாளில் நாலு கோடு போட்டுக் காட்டி நிதானமாகச் சொன்னார். தைத்த இடத்திலும் அந்தக் குழாய்களுக்குள்ளேயும் சில குழந்தைகளுக்குப் பின்னால் சுருக்கம் வரும். எல்லாருக்கும் வராது. வந்தால் இருமல் சளி மாதிரித்தான் தெரியும். மூச்சு வாங்கினால், பால் குடிக்கும்போது வேர்த்தால், எடை ஏறாமல் நின்றால், காத்திருக்கவே கூடாது. நன்றாக இருந்தாலும் தேதி தவறாமல் வந்து காட்டிவிட வேண்டும்.

அப்போது சபாவின் கணவன் சுஐப் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். திரும்பி வந்து, "இன்னா சொன்னாரு?" என்றான்.

"எல்லாம் சரியாயிடுச்சாம்" என்றாள்.

அந்த நிமிஷம் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் இந்த ஒரு மாதமாகத் தன்னையே துருவிக்கொண்டிருக்கிறாள். அவனைக் காப்பாற்றத்தான் என்று முதலில் நினைத்தாள். அது உண்மையில்லை. அந்த ஐம்பது நாளும் அவள் பழுதான பிள்ளையைப் பெற்றவளாக இருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காசிம் பீவி, "எங்க வம்சத்துல இந்த மாதிரி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரையும் குத்துவதற்காகச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் அடுத்த பார்வையைச் சபாமேல்தான் வைத்தார்கள். அந்த வீட்டுக்குள் திரும்பி நுழைய அவளுக்கு ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. பாதி நல்ல சேதியை எடுத்துக்கொண்டு போனால் அந்த மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் தன்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தாள். முழு நல்ல சேதியாகக் கொண்டுபோனாள். பள்ளிவாசலுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்த வாக்கியம் அவளையே நம்ப வைத்தது. இரண்டு செக்கப்புக்குப் போனாள். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாவது தேதி சுஐபின் சித்தப்பா மகள் கல்யாண வாரத்தில் விழுந்தது. "பரவால்லங்க, நல்லாத்தான இருக்கா, அப்புறம் போவலாம்" என்று சொன்னவளும் சபாதான்.

சுஐபுக்குப் போன் போட்டாள். அவன் வெள்ளிமலைக்கு மேலே, ஏதோ ஒரு ஊரில், மரத்தில் புளி உலுக்கிக்கொண்டிருக்கிறவர்களோடு இருந்தான்.

"கேக்குதா?"

"சொல்லு. டவரு வந்து வந்து போவுது."

"புள்ளைக்கு மூச்சு வாங்கறது கம்மியாவலங்க."

"மெசின் வெச்சியா?"

"மூணு வேளையும் வெச்சிக்கினுதான் இருக்கேன்."

"அப்புறம் இன்னா?"

"தூசி இல்லன்னு தோணுது. மெட்ராசுக்குக் கூட்டினு போயி ஒருவாட்டி காட்டிடலாம்."

"எதுக்கு? அங்கதான் எல்லாம் சரின்னு அனுப்பிட்டாங்களே. நீதான வந்து சொன்ன."

அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "முனியன், அந்தக் கூடைய வெயில்ல வெக்காத" என்று அவன் கத்துவது கேட்டது.

"சபா, கேக்குதா? பெருநாள் முடியட்டும். இன்னும் ரெண்டு லோடு கெடக்குது. மழை புடிச்சா மரத்துலியே கறுத்துப்பூடும். அதுக்குள்ள போயிட்டு வந்தா..."

அத்தோடு அறுந்துவிட்டது. சபா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன்மேல் ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட அவன் ஒன்றும் செய்யவில்லை என்பது இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் ஒப்பித்தான்.

மழை மறுநாள் இங்கே வந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு, புழுங்கி, காற்று ஒரு சுற்றுச் சுற்றித் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியது.

"சபா, வாடி சீக்கிரம். அள்ளு, அள்ளு" என்று காசிம் பீவி எழுந்து ஓடினாள்.

கொட்டை எடுத்த புளி நாலு தார்ப்பாய் நிறையப் பரப்பியிருந்தது. நனைந்தால் ஒரே நாளில் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். சபா குழந்தையை உள்ளே தரையில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்சவள்ளியோடு மூன்று பேரும் முறத்தாலும் கையாலும் அள்ளிக் கூடையில் போட்டார்கள். காசிம் பீவி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். நாக்கு வறண்டு, உதட்டோரம் வெள்ளை பூத்திருந்தது. வாயை மட்டும் நிறுத்தவில்லை. "ஒருத்தன் மலையில போயி ஒக்காந்துகினான். ஒருத்தி மூச்ச எண்ணிக்கினு ஒக்காந்துகினா. நான்தான் இந்த வூட்டுக்கு மாடு."

மூன்றாவது தார்ப்பாயில் இருக்கும்போது அம்சவள்ளி நின்றுவிட்டாள். தாயைத் தேடித் தவழ்ந்து வந்த பிர்தௌஸ் வாசற்படிக்கு உள்பக்கமே நின்றுபோய், நெற்றியைத் தரையில் வைத்துக் கவிழ்ந்திருந்தாள். அழவில்லை. அம்சவள்ளி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்த் தூக்கினாள்.

"இன்னாம்மா இது, புள்ள இப்பிடி நனைஞ்சிருக்குது. மழையே இன்னும் வுழல."

சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தலைமுடி நெற்றியில் ஈரமாகப் படிந்திருந்தது. உதடு நாவற்பழம் தின்ற வாய்போல் மங்கிப்போய், வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது.

"தூசின்னா கண்ணு எரியும், மூக்கு ஒழுவும்" என்றாள் அம்சவள்ளி. "நான் பதினஞ்சு வருசமா புளி தட்டறேன், எனக்குத் தெரியாதா. இதுக்கு ஒரு மூக்காவது ஒழுவுதா? நாலு எட்டு தவுந்து வந்ததுக்கு இப்பிடி வேர்க்குது."

"நீ ஒரு டாக்டரு, வந்துட்ட" என்றாள் காசிம் பீவி. ஆனால் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். குழந்தையின் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். "மெட்ராஸ்ல எல்லாம் சரி பண்ணி அனுப்பிட்டாங்களே. அப்புறம் எதுக்கு இப்பிடி ஆவுது?"

"எல்லாம் சரி பண்ணல மாமி."

"இன்னா?"

"முழுசா சரின்னு அவங்க சொல்லல. பின்னாடி சுருங்கலாம்னு சொன்னாங்க. அந்த நாலு கொழாயும். மூச்சு வாங்கினா, வேர்த்தா, எடை ஏறலன்னா உடனே வரணும்னு சொன்னாங்க. நான்தான் சொல்லல."

"யாருகிட்ட சொல்லல?"

"யாருகிட்டயும்."

"அவங்கிட்டயும்?"

"ம்."

முதல் சொட்டுகள் தார்ப்பாயில் பொட்டுப் பொட்டாக விழுந்தன. யாரும் குனியவில்லை. அம்சவள்ளிதான் குழந்தையைச் சபாவிடம் கொடுத்துவிட்டு, தனியாளாக மீதியை அள்ளப் போனாள்.

"எதுக்குடி?" என்றாள் காசிம் பீவி. "ஒரு வருசமா எதுக்குடி மறைச்ச?"

"வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் எங்க வம்சத்துல இல்ல, எங்க வம்சத்துல இல்லன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. சரியாயிடுச்சின்னு சொன்ன அன்னிக்கிதான் நிறுத்தினீங்க."

காசிம் பீவி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலைமேல் மழை விழுந்தது. முந்தானையை இழுத்துவிடக்கூடத் தோன்றவில்லை.

"சொன்னேன்தான்" என்றாள் கடைசியில். "நான் இன்னாத்தையோ சொன்னேன்னா, எம்மூஞ்சில ரெண்டு போட்டிருக்கலாமேடி. புள்ள மூச்சப் போயி மறைப்பாங்களா? ஃபைலு எங்க?"

"பீரோவுல."

"எடு. பக்கத்துத் தெரு நவுஷாத்த கார எடுத்துகினு வரச் சொல்லு. அம்சா, மீதி நனைஞ்சா நனையட்டும் வுடு. கதவப் பூட்டிட்டு சாவிய வெச்சிக்க."

மழையோடேயே கார் கிளம்பியது. தியாகதுருகம் தாண்டியது. காசிம் பீவி குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாத்திக்கொண்டு, சபாவிடம் கொடுக்காமல், அவளே வைத்திருந்தாள். எலவனாசூர்கோட்டை வந்ததும் வாயைத் திறந்தாள். சபாவின் தாய் வீடு அங்கேதான்.

"போன மாசம் இங்க வந்து பத்து நாள் இருந்தியே. புள்ளைக்குத் தூசி ஆவலன்னு சொல்லிட்டு வந்த. இங்க புளி ஏது?"

சபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் வீட்டுத் தெருமுனை வந்து, தாண்டிப் போனது.

"இங்கயும் மூச்சு வாங்கிச்சு" என்றாள்.

"இங்கயும் வாங்கிச்சா?"

"குறையவே இல்ல. ராத்திரியில இங்கயும் அப்பிடித்தான் இருந்தா."

"அப்ப அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சி திரும்பி வந்து மெசின் வெச்ச."

"ம்."

நவுஷாத் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தினான். காசிம் பீவி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சபாவுக்குத் தோன்றியது. அந்தப் பத்து நாளில் ஒவ்வொரு நாளும், கிளம்ப எடுத்து வைத்த புடவையைத் திரும்ப மடித்து வைத்தாள். சென்னைக்குப் போய்க் காட்டினால் சுருக்கம் என்று ஒருவர் சொல்லிவிடுவார். சொல்லாதவரை அது தூசியாக இருக்கலாம். புளி இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அவளும் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உளுந்தூர்பேட்டையில் நோன்பு திறக்கிற நேரம் ஆனது. பிரயாணத்தில் நோன்பை விடலாமே என்று நவுஷாத் முன்னாலேயே சொல்லிப் பார்த்தான். "உன் வேலயப் பாரு, ரோட்டப் பாரு" என்றுவிட்டாள். ஓரமாக நிறுத்தி, ஒரு பேரீச்சம்பழமும் பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டவள், இன்னொரு பழத்தைக் கொட்டை நீக்கிச் சபாவின் கையில் வைத்தாள். "தின்னு. பால் ஊறணும்" என்றாள், சண்டை போடுகிற குரலில்.

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் ஆக்சிஜன் வைத்தார்கள். விரலில் மாட்டிய கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் எண்பத்திரண்டு என்று காட்டியது. மறுநாள் காலை மலர்விழி என்ற டாக்டர் குழந்தையின் நெஞ்சில் களிம்பு தடவி, கருவியை வைத்து நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் திரையைப் பார்த்தாள். ஸ்கேனும் எடுத்தார்கள். மத்தியானம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினாள்.

"வலது பக்கம் ரெண்டும் பரவாயில்ல. இடது பக்கம் கீழ இருக்கறது நல்லாச் சுருங்கிடுச்சு. இந்த இடத்துல பாருங்க, நூல் மாதிரி. மேல இருக்கறது மூடிக்கிச்சு."

"அடைப்பு எதனா இருந்தா எடுத்துடுங்கம்மா" என்றாள் காசிம் பீவி.

"உள்ள ஒண்ணும் அடைச்சிக்கலம்மா. குழாயோட சுவரே தடிச்சி உள்ளுக்கு வளருது. எடுத்துப்போட அங்க ஒண்ணும் கிடையாது. நாளைக்குத் தொடை வழியா உள்ள போயி, கீழ இருக்கறதுல பலூன் வெச்சி விரிக்கப் போறோம்."

"விரிச்சா சரியாயிடுமா?"

"சில பேருக்கு நிக்கும். சில பேருக்கு மறுபடி சுருங்கும். மறுபடி விரிக்கணும், இல்லன்னா ஆபரேசன்."

"எத்தினி வாட்டி?"

"சொல்ல முடியாதும்மா."

"படிச்சவங்க நீங்களே சொல்ல முடியாதுன்னா?"

"தெரிஞ்சா மறைக்க மாட்டேன்மா" என்றாள் டாக்டர், சாதாரணமாக. காசிம் பீவியின் கண் ஒரு தடவை சபா பக்கம் போய்த் திரும்பியது.

சபா கேட்க நினைத்ததைக் கேட்காமல் எழுந்துவிடலாம் என்று பார்த்தாள். டாக்டர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்திருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும்.

"மேடம், தேதிக்கு வந்திருந்தா?"

டாக்டர் கையை நிறுத்தினாள். "வந்திருந்தா அந்த மூடின குழாய முன்னாடியே பார்த்திருப்போம். விரிக்க முயற்சி பண்ணியிருப்போம். அது நின்னிருக்குமா, அப்பவும் மூடியிருக்குமான்னு எனக்குத் தெரியாது. இனிமே தேதி தப்பாதீங்க."

வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆக்சிஜனோடு பிர்தௌஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்திருந்தது. சபாவுக்கு அழுகை வரவில்லை. எல்லாவற்றின்மேலும் ஒரு சலிப்புத்தான் வந்தது. சுவரே உள்ளுக்கு வளர்கிற குழாயின்மேல், நிக்கும் நிக்காது என்கிற பதிலின்மேல், இனிமேல் ஒவ்வொரு தேதியாக எண்ணிக்கொண்டு வாழப்போகிற தன்மேல்.

போன் அடித்தது. சுஐப். மலையிறங்கி இப்போதுதான் சேதி தெரிந்திருக்கிறது. காசிம் பீவி எடுத்தாள்.

"எங்கடா இருக்கற? வண்டி ஓட்டிக்கினு பேசாத. நிறுத்து. நிறுத்திட்டியா? புள்ள இருக்கறா. தூங்கறா. ஆ, நானும் இங்கதான் இருக்கேன். இன்னாது, சரியாயிடுமாவா?" அவள் ஒரு கணம் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். பிறகு சபாவிடம் நீட்டினாள். "உங்கிட்ட கேக்கறான்."

சபா வாங்கிக்கொண்டாள்.

"சபா, இன்னா ஆச்சு? அம்மா இன்னாத்துக்கு அங்க? சரியாயிடும்ல?"

"நிறுத்திட்டீங்களா வண்டிய?"

"நிறுத்திட்டேன், சொல்லு."

"மொதல் ஆபரேசன் முடிஞ்சி வூட்டுக்கு அனுப்பறப்ப நீங்க மருந்து வாங்கக் கீழ போனீங்க இல்ல? அப்ப டாக்டரு என்னாண்ட ஒண்ணு சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லல."

அவன் பக்கத்தில் லாரிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. சபா சொன்னாள். நாலு கோடு போட்ட தாளைச் சொன்னாள், தவறவிட்ட தேதியைச் சொன்னாள், தாய் வீட்டுப் பத்து நாளைச் சொன்னாள். நூல் மாதிரிச் சுருங்கியதைச் சொன்னாள். நாளைக்குப் பலூன் வைப்பதைச் சொன்னாள். வலது பக்கம் ரெண்டும் நன்றாக இருப்பதைச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

காசிம் பீவி கண்ணாடிப் பக்கமே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மூடிக்கினத வுட்டுட்ட."

சபா அதையும் சொன்னாள்.